லிங்க் அதேதான், ஆனால் திறக்கவில்லை: டிரைவ் ஷேரிங் விதிகள் மாறும்போது என்ன ஆகிறது

மதுரை புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு டிஎன்பிஎஸ்சி படிக்க வருகிறவர்களின் போனைத் திறந்தால் டிரைவ் லிங்க்காகக் கொட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது, டெலிகிராமில் வந்தது, முன்பு படித்து வேலைக்குப் போன அக்கா அனுப்பியது என்று ஏகப்பட்டது. தொட்டுப் பார்த்தால் அதில் கணிசமானவை "அனுமதி வேண்டும்" என்று கேட்கும், சில "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்று சொல்லும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு வேறு பிரச்சினை. ஆடிட்டருக்கென்று ஷேர் செய்த ஜிஎஸ்டி பில் ஃபோல்டரை, ஆடிட்டர் ஆபீஸை விட்டுப் போய் ஒரு வருஷமான பையனால் இன்னமும் திறந்து பார்க்க முடிகிறது. இன்னொருவர் கல்லூரி ஐடியில் வைத்திருந்த ப்ராஜெக்ட் மொத்தமும் பட்டம் வாங்கிய கையோடு காணாமல் போயிருக்கும்.

கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "கூகுள்காரன் ஏதோ மாத்திட்டான்." மாற்றியது உண்மைதான். ஆனால் ஒரே விஷயத்தை மாற்றவில்லை. கடந்த சில வருஷங்களில் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் என்று இணையத்தில் ஃபைல் வைத்துப் பகிரும் சேவைகள் எல்லாவற்றிலும் வந்த மாற்றங்களைப் பிரித்துப் பார்த்தால் அவை மூன்று இடங்களில் விழுகின்றன: லிங்க், ஃபோல்டர், ஓனர். இந்த மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் விதி ஒவ்வொரு முறை மாறும்போதும் எங்கே உடைந்தது என்று பிடிபடுவதில்லை.

முதலில் அடிப்படை: ஒரு ஃபைலை யார் பார்க்கலாம் என்று எப்படி முடிவாகிறது

நீங்கள் ஒரு ஃபைலைத் தொட்டதும் டிரைவ் தனக்குத்தானே சில கேள்விகள் கேட்டுக்கொள்கிறது.

1. இந்த ஃபைலில் இவருடைய ஈமெயில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் எந்தத் தகுதியில்? வியூவர் என்றால் பார்க்கலாம், கமென்டர் என்றால் குறிப்பு எழுதலாம், எடிட்டர் என்றால் திருத்தலாம். எல்லாருக்கும் மேலே ஓனர் என்று ஒருவர் உண்டு.
2. பெயர் இல்லையென்றால், இந்த ஃபைல் "லிங்க் வைத்திருக்கும் யாரும்" பார்க்கலாம் என்று திறந்து விடப்பட்டிருக்கிறதா?
3. அதுவும் இல்லையென்றால், இது இருக்கும் ஃபோல்டருக்கு இவருக்கு அனுமதி உண்டா? இருந்தால் அது உள்ளே இருக்கும் ஃபைலுக்கும் இறங்கி வரும்.

ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் கதவு திறக்கும். மூன்றுக்கும் இல்லை என்றால் "ரிக்வஸ்ட் ஆக்ஸஸ்" பொத்தான் வந்து நிற்கும், அதை அமுக்கினால் ஓனருக்கு ஒரு மெயில் போகும். நோட்ஸ் பகிர்கிற ஒரு புண்ணியவானின் இன்பாக்ஸில் இந்த மாதிரி மெயில் ஒரு நாளைக்கு எத்தனை விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவர் பதில் போடாததற்குக் கர்வம் காரணமில்லை.

எடிட்டர் என்கிற தகுதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதைத்தான் நம் ஆட்கள் தாராளமாக வாரிக் கொடுக்கிறார்கள். கூகுள் டிரைவில் எடிட்டர் என்றால் எழுத்துப்பிழை திருத்துகிறவர் மட்டும் அல்ல. இயல்பான அமைப்பில் அவர் வேறு யாரையும் உள்ளே சேர்க்கலாம், இருப்பவரை வெளியேற்றலாம், லிங்க்கை ஊருக்கே திறந்தும் விடலாம். இதைத் தடுக்க ஷேர் பெட்டியின் மேலே இருக்கும் பல்சக்கரப் படத்தைத் தொட்டு, எடிட்டர்கள் அனுமதியை மாற்றலாம் என்கிற டிக்கை எடுத்துவிட வேண்டும். அதே இடத்தில் வியூவரும் கமென்டரும் டவுன்லோடு, பிரின்ட், காப்பி செய்வதைத் தடுக்கும் டிக்கும் இருக்கிறது. அது ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது, பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் பிடிப்பதைச் சாமியே வந்தாலும் தடுக்க முடியாது.

லிங்க்: பாதுகாப்பு எதில் இருந்தது

"லிங்க் வைத்திருக்கும் யாரும்" என்று ஒரு ஃபைலைத் திறந்துவிட்டால், அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது, லாகின் கிடையாது. முகவரியில் இருக்கும் அந்த நீளமான எழுத்துக்கோர்வையை வெளி ஆள் ஊகிக்க முடியாது என்கிற ஒரே விஷயம்தான் பாதுகாப்பு. அந்த லிங்க் கைமாறினால் அனுமதியும் கூடவே கைமாறும், யார் கைக்குப் போனது என்ற பதிவும் இருக்காது. கூகுள் டாக்ஸில் இப்படி வருகிறவர்களை மேலே "அனானிமஸ்" என்று போட்டு ஒரு மிருகத்தின் படத்தோடு காட்டும். உங்கள் அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் கணக்கு ஷீட்டை ஒரு கேபிபரா திறந்து வைத்திருந்தால் அது மூன்றாம் மாடிக்காரரா, குரூப்பிலிருந்து வேறு எங்கோ ஃபார்வர்டு ஆகிப் பார்க்கிறவரா என்று சொல்ல வழியில்லை.

இந்த முறை எப்படியெல்லாம் ஒழுகும் என்பதற்கு இரண்டு பழைய சம்பவங்கள் போதும். 2014 மே மாதம் டிராப்பாக்ஸ் ஒரு ஓட்டையை ஒப்புக்கொண்டது. லிங்க்கில் பகிர்ந்த ஒரு ஆவணத்துக்குள்ளே வேறொரு இணையதளத்தின் சுட்டி இருந்து, படிப்பவர் அதை அமுக்கினால், "இவர் எங்கிருந்து வருகிறார்" என்று பிரவுசர் அந்தத் தளத்துக்குச் சொல்லும் தகவலில் டிராப்பாக்ஸின் ரகசிய லிங்க்கும் சேர்ந்தே போய்விட்டது. யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை, பிரவுசர் எப்போதும் செய்கிற வேலையைச் செய்தது, அவ்வளவுதான். பாதிக்கப்படக்கூடிய பழைய லிங்க்குகளை டிராப்பாக்ஸ் முடக்கிவிட்டுப் பிறகு சரி செய்தது. அப்புறம் 2018 ஜூலையில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறியில் தேடினால் மக்களின் கூகுள் டாக்ஸ் ஆவணங்கள் வரிசையாக வந்தன. லாகின் இல்லாமல் திறக்கும் பக்கங்களைத்தான் எடுத்தோம் என்றது யாண்டெக்ஸ். பொதுவில் விட்டதையோ, இணையத்தில் எங்காவது லிங்க் போடப்பட்டதையோதான் தேடுபொறிகள் எடுக்க முடியும் என்றது கூகுள். இரண்டு பேர் சொன்னதும் சரி, சிக்கலே அதுதான். பொதுத் தளம் ஒன்றில் லிங்க்கை ஒருவர் ஒட்டினாலே போதும், தேடுபொறிக்கு வேறு எந்த அனுமதியும் தேவையில்லை.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. கூகுள் டிரைவில் ஒரு ஃபைலின் லிங்க் அந்த ஃபைலின் அடையாள எண்ணோடு ஒட்டியே பிறக்கிறது. ஆகவே லிங்க்கை இன்றைக்கு "ரெஸ்ட்ரிக்டெட்" என்று மூடிவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறு யாருக்காகவோ மறுபடி திறந்தால், பழைய அதே லிங்க்தான் உயிர்பெறும், பழைய குரூப்பில் கிடப்பவர்களுக்கும் சேர்த்தே திறக்கும். டிராப்பாக்ஸிலும் ஒன்டிரைவிலும் அப்படி இல்லை, அங்கே ஒரு லிங்க்கை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்கினால் புது முகவரி வரும். கூகுளில் ஒரு லிங்க்கை உண்மையிலேயே சாகடிக்க வேண்டுமென்றால் ஃபைலைக் காப்பி எடுத்து, காப்பியைப் பகிர்ந்து, மூலத்தை மூடியே வைக்க வேண்டும்.

இதன் மறுபக்கம் நல்லது. நோட்ஸ் பிடிஎஃப்பில் திருத்தம் செய்கிறவர்கள் புதிதாக ஏற்றிப் புது லிங்க் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. கம்ப்யூட்டரில் அந்த ஃபைலின் மேல் ரைட் க்ளிக் செய்து "மேனேஜ் வெர்ஷன்ஸ்" வழியாகப் புதுப் பிரதியை ஏற்றினால், ஏற்கெனவே எல்லாரிடமும் இருக்கிற லிங்க்கிலேயே புதியது திறக்கும். இது தெரியாததால்தான் ஒரே நோட்ஸுக்கு "புதியது", "புதியது இறுதி", "இறுதியிலும் இறுதி" என்று மூன்று லிங்க் சுற்றிக்கொண்டிருக்கிறது.

2017, 2021: பழைய லிங்க்குகள் செத்த கதை

ஆரம்பத்தில் டிராப்பாக்ஸில் "பப்ளிக்" என்றொரு ஃபோல்டர் இருந்தது. அதில் எதைப் போட்டாலும் உலகத்துக்கே திறந்திருக்கும், பிளாக்கில் படம் வைக்கவும் பாட்டு வைக்கவும் பலர் அதைத்தான் பயன்படுத்தினார்கள். 2017 மார்ச் 15-ல் இலவசக் கணக்குகளுக்கும், அதே வருஷம் செப்டம்பர் 1-ல் காசு கட்டியவர்களுக்கும் அந்த வசதி நின்றது. ஃபைல்கள் அப்படியே இருந்தன, முகவரிகள்தான் செத்தன. பழைய தமிழ் பிளாக்குகளில் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

கூகுள் செய்தது இன்னும் நுணுக்கமான வேலை. 2021 செப்டம்பர் 13 முதல், லிங்க்கில் பகிரப்பட்டிருந்த பழைய ஃபைல்களில் ஒரு பகுதிக்குக் கூடுதலாக ஒரு ரகசியக் குறியீடு சேர்த்தார்கள். "ரிசோர்ஸ் கீ" என்று பெயர். லிங்க்கின் வால் பகுதியில் அந்தச் சொல்லும் அதன் பின்னே ஒரு எழுத்துக்கோர்வையும் வந்து ஒட்டிக்கொள்ளும். லிங்க்குகளை இன்னும் பாதுகாப்பாக்குவதுதான் நோக்கம் என்றார்கள். விதி இப்படி:

1. அந்த ஃபைலை முன்பே திறந்து பார்த்தவருக்குப் பழைய லிங்க்கே வேலை செய்யும்.
2. பெயர் சொல்லி, ஈமெயில் போட்டு ஷேர் செய்யப்பட்டவருக்கும் எதுவும் மாறாது.
3. முதல் முறையாக வருகிறவருக்கு ரிசோர்ஸ் கீ ஒட்டிய புது லிங்க் வேண்டும். பழையதைத் தொட்டால் அனுமதி கேட்கும்.

எவ்வளவு குழப்பம் பாருங்கள். ஒரே லிங்க், ஒரே குரூப், ஒருவருக்குத் திறக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் திறக்கவில்லை. ஓனரைக் கேட்டால் "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்பார், அவருக்கு எப்போதுமே திறக்கும். 2020-லும் 2021-லும் ஊரடங்கு சமயத்தில் ஆசிரியர்கள் பாடம், வினாத்தாள், வீடியோ எல்லாவற்றையும் டிரைவ் லிங்க்காகவே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த லிங்க்குகள் பிளாக்கிலும் பிடிஎஃப்புக்கு உள்ளேயும் அச்சிட்ட கியூஆர் கோடிலும் பதிந்து போன பிறகுதான் இந்த மாற்றம் வந்தது. கியூஆர் கோடை யார் போய்த் திருத்துவது? கூகுள் முன்கூட்டியே மெயில் அனுப்பியது, வேண்டாமென்றால் விலக்கு பெறவும் வழி வைத்தது. ஆனால் அந்த மெயிலைப் படித்துப் புரிந்துகொண்டு நாற்பது ஐம்பது ஃபைலுக்கு முடிவெடுக்கிற நேரம் எந்த வாத்தியாருக்கு இருந்தது?

என் கருத்தில் மாற்றம் சரி, செய்த விதம் பாதிதான் சரி. லிங்க்கைப் பலப்படுத்துவது தேவைதான். ஆனால் லிங்க் என்பதை நம் ஊர்க்காரர்கள் புத்தகத்தின் பக்க எண் மாதிரி நிரந்தரமானதாக நினைத்துப் பயன்படுத்தியிருந்தார்கள், அந்த நினைப்பை யாரும் முன்னால் திருத்தவில்லை.

தீர்வு எளிது. உங்களிடம் அந்தப் பழைய ஃபைல் இருந்தால், ஷேர் பெட்டியைத் திறந்து "காப்பி லிங்க்" கொடுத்துப் புது லிங்க்கை எடுத்து அனுப்புங்கள். பழைய வாட்ஸ்அப் செய்தியிலிருந்து எடுத்து ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.

ஃபோல்டர்: அனுமதி மேலிருந்து கீழே இறங்கும்

மதுரையில் காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வாசல் கேட்டுச் சாவி ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் முற்றம், கிணறு, மாடிப்படி எல்லா இடத்துக்கும் அவர் வரலாம், ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்க மாட்டார். உள்ளே ஒரு வீட்டை மட்டும் அவர் தொடக்கூடாது என்றால் அந்த வீட்டுக்குத் தனிப் பூட்டு வேண்டும். டிரைவ் ஃபோல்டரும் அப்படித்தான், மேல் ஃபோல்டரை ஒருவருக்கு ஷேர் செய்தால் உள்ளே இருப்பவை, நாளை நீங்கள் புதிதாகப் போடப் போகிறவை எல்லாமே அவருக்குத் திறக்கும். "நாளை போடப் போகிறவை" என்பதைத்தான் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்.

இதில் இரண்டு மாற்றங்கள் வந்திருக்கின்றன.

முதலாவது 2020 செப்டம்பர் கடைசியில். அதற்கு முன் கூகுள் டிரைவில் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஃபோல்டரில் வைக்கலாம், எந்தெந்த ஃபோல்டர் வழியாக யார் யாருக்கு அனுமதி இறங்குகிறது என்று தலைசுற்றும். அன்றிலிருந்து ஒரு ஃபைலுக்கு ஒரே இடம்தான், மற்ற இடங்களில் வேண்டுமென்றால் மூல ஃபைலைச் சுட்டிக்காட்டும் ஷார்ட்கட் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஷார்ட்கட் அனுமதியைச் சுமந்து வராது. ஷார்ட்கட் இருக்கும் ஃபோல்டரை ஒருவருக்கு ஷேர் செய்தாலும் மூல ஃபைலுக்கு அனுமதி இல்லையென்றால் அவருக்குத் திறக்காது. கல்யாண போட்டோகிராபர்கள் "பெண் வீட்டார்", "மாப்பிள்ளை வீட்டார்" என்று இரண்டு ஃபோல்டர் போட்டு ஷார்ட்கட்டாக நிரப்பினால் அனுமதி கேட்டுத்தான் போன் வரும்.

இரண்டாவது 2025-ல் வந்தது, இதுதான் இப்போது கடைக்காரர்களையும் ஆபீஸ்காரர்களையும் குழப்புகிறது. முன்பெல்லாம் ஷேர் செய்த ஃபோல்டருக்குள் ஒரு குறிப்பிட்ட ஃபைலை மட்டும் ஒருவரிடமிருந்து மறைக்க, அந்த ஃபைலின் ஷேர் பட்டியலில் போய் அவர் பெயரை எடுத்துவிட்டால் போதும். கூகுள் அதை மாற்றிவிட்டது. மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கி வரும் அனுமதியை உள்ளே தனித்தனியாகக் குறைக்க முடியாது, அங்கே கூடுதலாகக் கொடுக்கத்தான் முடியும். மறைக்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு ஃபோல்டர் போட்டு அதை "லிமிட்டெட் ஆக்ஸஸ்" என்று வைக்க வேண்டும், அதில் பெயர் சொல்லிச் சேர்த்தவர்கள் மட்டும் நுழையலாம்.

இதில் ஒரு சூட்சுமம். லிமிட்டெட் ஃபோல்டருக்குள் நுழைய முடியாதவருக்கும் மேல் ஃபோல்டரைத் திறந்தால் அதன் பெயர் தெரியும். ஆகவே "சம்பள பாக்கி" என்றோ "பங்காளி தகராறு பத்திரம்" என்றோ பெயர் வைத்துவிட்டு உள்ளே பூட்டிப் பயனில்லை, பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

விளக்குத்தூண் ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். "கடை" என்றொரு ஃபோல்டர், உள்ளே கொள்முதல் பில், விற்பனை பில், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆட்களின் சம்பளம், வீட்டுப் பத்திரம் ஸ்கேன். ஆடிட்டர் ஆபீஸ் கேட்டதும் வேலை சுலபம் என்று "கடை" ஃபோல்டரையே எடிட்டராக ஷேர் செய்துவிட்டார், அதுவும் அந்த ஆபீஸில் வேலை பார்த்த பையனின் சொந்த ஜிமெயிலுக்கு. பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஆடிட்டர் ஆபீஸ் தன் பக்கம் எதை மூடினாலும் இந்த அனுமதி போகாது, ஏனென்றால் அது ஆபீஸுக்குக் கொடுத்தது அல்ல, ஒரு தனி ஆளின் கணக்குக்குக் கொடுத்தது. இந்த அமைப்பை இன்றைய விதிப்படி மாற்றுவதென்றால்:

1. "கடை" ஃபோல்டரின் ஷேர் பட்டியலைக் காலி செய்ய வேண்டும். அது யாருக்கும் ஷேர் ஆகாத ஃபோல்டராகவே இருக்கட்டும்.
2. உள்ளே "ஜிஎஸ்டி" என்று ஒன்றை மட்டும், வருஷவாரியாகப் பிரித்து, ஆடிட்டர் ஆபீஸின் பொது ஈமெயிலுக்கு வியூவராகக் கொடுக்கலாம். அவர்கள் எதையாவது போட வேண்டுமென்றால் "ஆடிட்டர் அனுப்பியது" என்று தனி ஃபோல்டர், அதில் மட்டும் எடிட்டர்.
3. சம்பளமும் பத்திரமும் "ஜிஎஸ்டி"க்குள் வரவே கூடாது. உள்ளே வைத்துவிட்டு லிமிட்டெட் போடலாம்தான், ஆனால் வெளியே வைத்தால் அந்த டிக்கை நினைவில் வைத்திருக்கும் வேலையே இல்லை.

ஷேர் செய்ததற்குள் மறைப்பதைவிட, மறைத்ததற்குள் கொஞ்சம் ஷேர் செய்வதுதான் நிற்கும். புது விதி நம்மை அந்தப் பக்கமாகத் தள்ளுகிறது என்பதால் ஆரம்ப எரிச்சல் இருந்தாலும் இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். எது யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொரு ஃபைலாகச் சோதிக்கும் பாடு இதில் குறைகிறது.

ஓனர்: யாரும் பார்க்காத இடம்

லிங்க்கும் ஃபோல்டரும் போனால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஓனர் கணக்கு போனால் ஃபைலும் அதோடு போகும். பகிரப்பட்ட ஃபைல் உங்கள் திரையில் தெரிகிறது என்பதால் உங்களிடம் இருக்கிறது என்று ஆகாது. அது ஓனருடைய இடத்தில் இருக்கிறது, அவருடைய 15 ஜிபி இலவச இடத்தில்தான் கணக்காகிறது, அவர் அழித்தால் உங்களுக்கும் அழியும். குப்பைத்தொட்டியில் போட்டதை 2020 அக்டோபரிலிருந்து கூகுள் 30 நாளில் தானாகவே அழித்துவிடுகிறது, அதற்கு முன்பெல்லாம் நாமாகக் காலி செய்யும்வரை கிடக்கும். கல்யாண படங்கள் சில மாதத்தில் மறைவது பெரும்பாலும் இதனால்தான்: அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டும், போட்டோகிராபர் பழையதை அழிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, லிங்க் வந்த வாரத்திலேயே முழுவதையும் இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ள வேண்டியது வீட்டுக்காரர்கள் வேலை.

ஓனரின் இடம் நிரம்பி வழிந்தாலும் தொல்லைதான். அவர் புதிதாக ஏற்ற முடியாது, அவருடைய ஃபைல்களை மற்றவர்களும் திருத்த முடியாமல் போகலாம். எடிட்டர் அனுமதி இருந்தும் எழுத முடியவில்லையே என்று குழம்பினால் இதையும் சந்தேகிக்கலாம். இரண்டு வருஷம் தொடாமலே கிடக்கும் தனிநபர் கணக்குகளை மொத்தமாக நீக்கும் நடைமுறையையும் 2023 டிசம்பரில் கூகுள் ஆரம்பித்துவிட்டது. இறந்துபோன அப்பாவின் ஜிமெயிலில் குடும்பப் படங்கள் இருந்தால் அதைக் கவனத்தில் வையுங்கள்.

கல்லூரி ஐடி விவகாரம் தனி. கூகுள் ஒரு காலத்தில் கல்வி நிறுவனங்களுக்கு அளவே இல்லாத இடம் கொடுத்தது. 2021 பிப்ரவரியில் அதை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலையிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டிபி (டெராபைட்) என்று அடிப்படை வரம்பு வைத்தது. கேட்க நிறையத்தான் தெரியும், ஆனால் சில ஆயிரம் மாணவர்கள் படித்து, வகுப்பு வீடியோவும் ஏற்றுகிற கல்லூரியில் அது வேகமாக நிரம்பும். ஆகவே படித்து முடித்தவர்களின் கணக்கை மூடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கணக்கை நீக்கிய பிறகு அட்மின் அதை மீட்க 20 நாள்தான் அவகாசம்.

"அதற்கு முன் ஓனர்ஷிப்பை என் ஜிமெயிலுக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்றால் அது நடக்காது. தனிநபர் ஜிமெயிலிலிருந்து இன்னொரு தனிநபர் ஜிமெயிலுக்கு மாற்றலாம், அதுவும் இப்போது அடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் மாறும். கல்லூரிக் கணக்கிலிருந்து வெளிக் கணக்குக்கு ஓனர்ஷிப் தாண்டாது. உங்கள் ஜிமெயிலை எடிட்டராகச் சேர்த்துக்கொள்வதும் உதவாது, கல்லூரிக் கணக்கு நீங்கினால் அதுவும் சேர்ந்தே போகும். இரண்டு வழிகள்தான்: ஒன்று, கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் டேக்அவுட் சேவை மூலம் இறக்கிக்கொள்வது. இரண்டு, அட்மின் தடை செய்யாமல் இருந்தால், டேக்அவுட்டிலேயே "டிரான்ஸ்ஃபர்" என்றொரு வசதி கல்விக் கணக்குகளுக்கு உண்டு, அது மெயிலையும் டிரைவ் ஃபைலையும் உங்கள் ஜிமெயிலுக்குக் காப்பி போட்டுவிடும். கடைசிப் பரீட்சைக்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஜிஎஸ்டிக்கும் இது பொருந்தும். வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம், அதாவது ஆறு வருஷம், கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த ஆறு வருஷமும் ஃபைலின் ஓனர் யார்? கணக்கு எழுதும் பையனின் சொந்த ஜிமெயில் என்றால் கடைக்காரர் இன்றைக்கே கூப்பிட்டுப் பேச வேண்டும். பொறுப்பு கடைக்காரருடையது, பையனுடையது அல்ல.

ஜெராக்ஸ் கடை

டவுன்ஹால் ரோடு, கலெக்டர் ஆபீஸ் பக்கமெல்லாம் நடப்பது: பிரின்ட் எடுக்க வேண்டும், கடைக்காரரின் கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறக்கத் தயக்கம், உடனே ஆதார் ஃபைலை "லிங்க் வைத்திருக்கும் யாரும்" என்று திறந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது. பிரின்ட் வந்ததும் ஆளும் கிளம்பியாகிவிடும், லிங்க் திறந்தே கிடக்கும். வெளியே வந்ததும் "ரெஸ்ட்ரிக்டெட்" ஆக்குங்கள். ஆதார் கேட்கும் இடங்களில் பலவற்றுக்குக் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரே போதும், அதை ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்தில் இறக்கலாம். குறிப்பிட்ட தேதியில் லிங்க் தானாக மூடிக்கொள்ளும் வசதி ஒன்டிரைவிலும் டிராப்பாக்ஸிலும் காசு கட்டிய கணக்குகளுக்குத்தான்.

"அனுமதி வேண்டும்" என்று வந்தால் எந்த வரிசையில் பார்ப்பது

1. எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். போனில் சொந்த ஜிமெயில், கல்லூரி ஐடி, கடை ஐடி என்று மூன்று இருந்தால் லிங்க் தப்பான கணக்கில் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றுங்கள். பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும்.
2. லிங்க் முழுசாக வந்திருக்கிறதா? இரண்டு வரியாக உடைந்தோ, ரிசோர்ஸ் கீ இருக்கும் வால் வெட்டுப்பட்டோ வந்திருக்கலாம். அனுப்பியவரிடம் "காப்பி லிங்க்" கொடுத்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.
3. ஓனரின் கணக்கு கல்லூரி அல்லது கம்பெனி ஐடியா? அப்படியென்றால் வெளியாட்களுக்குப் பகிர்வதையே அவர்கள் அட்மின் தடுத்து வைத்திருக்கலாம். ஓனரே நினைத்தாலும் திறக்க முடியாது, அவரைத் தொந்தரவு செய்து பலனில்லை.
4. செய்தி "அனுமதி இல்லை" என்கிறதா, "ஃபைல் இல்லை" என்கிறதா? இரண்டாவது என்றால் அழிந்திருக்கலாம், அல்லது ஓனரின் குப்பைத்தொட்டியில் இருக்கலாம். குப்பையில் இருந்தால் 30 நாளுக்குள் அவரால் மீட்க முடியும்.
5. இது எதுவுமே இல்லாமல், ஃபைல் கண்ணுக்குத் தெரிந்தும் டவுன்லோடு மட்டும் ஆகவில்லை, "நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள்" என்ற பொருளில் ஏதோ வருகிறது என்றால் அதற்கும் அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஃபைலைக் குறுகிய நேரத்தில் ஏகப்பட்ட பேர் இறக்கினால் கூகுள் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். ஹால் டிக்கெட் வந்த அன்றும் ஆன்சர் கீ வந்த அன்றும் நடப்பது இதுதான். அதிகபட்சம் 24 மணி நேரத்தில் தானாகச் சரியாகும், ஓனருக்கு மெயில் போட வேண்டாம்.